பரங்கிக்காய் பீரின் சுவை எங்கே இருக்கிறது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இலையுதிர்காலம் தொடங்கும் செப்டம்பர் முதல், நவம்பர் மாத நான்காம் வியாழக்கிழமையில் வரும் நன்றி நவிலல் நாள் வரை, பரங்கிக்காயுடன் பட்டை, கிராம்பு, சாதிக்காய், சுக்கு முதலியவை சேர்த்துத் தயாரிக்கப்படும் பீருக்குத் தனி மவுசு உண்டு. பெரிய ஆலைகள் இதைப் பருவச் சரக்காக விற்பனைக்கு அனுப்புகின்றன. சமையலறை அடுப்பிலும் கார் கொட்டகையிலும் ஒரு முறைக்கு 19 லிட்டர் என்ற அளவில் தமக்கென பீர் தயாரித்துக்கொள்ளும் ஆர்வலர்களும் ஆண்டுதோறும் இதில் இறங்குகின்றனர். இந்தப் பானத்தைப் பருகுபவர் ‘பரங்கிக்காய்ச் சுவை’ என்று உணர்வது உண்மையில் எதிலிருந்து வருகிறது என்ற கேள்வி, மாவுச்சத்தின் வேதியியலையும் ஈஸ்டின் வாழ்முறையையும் மனித மூக்கின் இயல்பையும் ஒருசேர ஆராய வைப்பதால், எளிதாகத் தோன்றினாலும் மிகவும் பயனுள்ள கேள்வியாகும். ஒரு காலத்தில் சர்க்கரைக்காகவே பானைக்குள் சென்ற காய், இன்று அந்தப் பொறுப்பைத் தானியத்திடம் விட்டுவிட்டது. அதன் பெயரால் அறியப்படும் சுவையோ பெரும்பாலும் மசாலாவினுடையது. இதைத் தெளிவாக அறிந்த தயாரிப்பாளரே காய், தானியம், மசாலா ஆகிய மூன்றையும் அவற்றுக்கு உரிய இடத்தில் வைத்து நல்ல பீரை உருவாக்குகிறார் என்பதை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

பற்றாக்குறையில் பிறந்த பானம்

பரங்கி அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய கொடி. மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்திலுள்ள கிலா நாக்கிட்ஸ் குகையில் கிடைத்த குக்கர்பிட்டா பெப்போ இனத்தின் விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழமையானவை என்று கணிக்கப்பட்டிருப்பதால், அங்கு மனிதர் பயிராக்கிய தாவரங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக அது கருதப்படுகிறது. வட அமெரிக்கப் பழங்குடியினர் பலர் மக்காச்சோளம், அவரை, பரங்கி ஆகிய மூன்றையும் ஒரே நிலத்தில் சேர்த்தே பயிரிட்டனர். சோளத்தட்டையில் அவரைக்கொடி ஏற, பரங்கியின் அகன்ற இலைகள் தரையை மூடி ஈரத்தைக் காத்துக் களையை அடக்கின. 17ஆம் நூற்றாண்டில் வடகிழக்குக் கரையில் குடியேறிய ஆங்கிலேயர், தம் நாட்டில் அன்றாடம் அருந்திப் பழகிய பீருக்கு வேண்டிய வாற்கோதுமை புதிய மண்ணில் போதிய அளவு கிடைக்காமலும், முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையாகக் கப்பலில் வந்த மால்ட்டுக்கு அதிக விலை கொடுக்க வேண்டியிருந்ததாலும், சர்க்கரை தரக்கூடிய எதையும் பயன்படுத்தத் தலைப்பட்டனர். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிருக்கு வேண்டியது கரைந்த சர்க்கரையே ஒழிய அது தானியத்திலிருந்து வந்ததா, காயிலிருந்து வந்ததா என்பது அதற்கு ஒரு பொருட்டன்று. எனவே கரும்புப்பாகின் கழிவான மொலாசஸ், பார்ஸ்னிப் கிழங்கு, பரங்கிக்காய் முதலியவை பானைக்குள் சென்றன.

பிலடெல்பியாவிலுள்ள அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் ஆவணங்களுள், 1771 பிப்ரவரி எனத் தேதியிட்டு, எழுதியவர் பெயரின்றி ஒரு செய்முறைக் குறிப்பு உள்ளது. பரங்கிக்காயைத் தொட்டியிலிட்டு இடித்து, ஆப்பிளைப் பிழிவது போலவே பிழிந்து சாறெடுத்து, அந்தச் சாற்றைச் செப்புக் கொப்பரையில் நெடுநேரம் கொதிக்கவைத்து, நார் சிறிதும் தங்காதபடி மேலே மிதந்து வருவதை நீக்கி, பின்னர் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்து ஆறவைத்து, மால்ட் பீரைப் போலவே நொதிக்கவிட வேண்டும் என்பது அதன் சாரம். நெடுநேரக் கொதிப்புக்கு நாரை அகற்றுவதையே அந்தக் குறிப்பு காரணமாகக் காட்டுகிறது என்றாலும், அதே கொதிப்பு இன்னொரு வேலையையும் செய்திருக்கும். பரங்கிச் சாற்றில் சர்க்கரை நூற்றுக்கு மூன்று பங்கு அளவிலேயே இருப்பதால், அதை அப்படியே நொதிக்கவிட்டால் ஆல்கஹால் ஒன்றரை விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும். பாதியாகச் சுண்டக் காய்ச்சினால்தான் மூன்று விழுக்காட்டை எட்டும். இந்தக் குறிப்பில் மால்ட்டும் இல்லை, பட்டையும் கிராம்பும் சாதிக்காயும் இல்லை என்பது கருதத்தக்கது. பழைய பரங்கி பீருக்கும் இன்றைய பரங்கி பீருக்கும் பொதுவாக இருப்பவை காயும் ஹாப்ஸும் ஈஸ்டும் மட்டுமே.

வாற்கோதுமைச் சாகுபடி பெருகி மால்ட் எளிதில் கிடைக்கத் தொடங்கியதும், 19ஆம் நூற்றாண்டில் காய்ப் பீர் வழக்கொழிந்தது. பரங்கியோ வேறொரு வழியில் மக்கள் மனத்தில் இடம்பிடித்தது. 1796இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டில் அச்சான அமீலியா சிம்மன்ஸின் ‘அமெரிக்கன் குக்கரி’ என்னும் சமையல் நூல், வேகவைத்து மசித்த பரங்கியுடன் பாலேடு, முட்டை, சாதிபத்திரி, சாதிக்காய், இஞ்சி சேர்த்து மாவுப் பொதியில் சுடும் பண்டத்தைக் கற்றுத்தந்தது. 1863இல் ஆபிரகாம் லிங்கன் நன்றி நவிலல் நாளை நாடு முழுமைக்குமாக அறிவித்த பின்னர் இந்தப் பரங்கிப் பை அந்த நாளின் விருந்தில் தவறாமல் இடம்பெறலாயிற்று. 1934இல் மெக்கார்மிக் நிறுவனம் அதற்கென மசாலாக் கலவையையே டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியது. இவ்வாறு இலையுதிர்கால மசாலாவும் பரங்கியும் ஒரே நினைவாகப் பின்னிக்கொண்ட பிறகே பீர் அவற்றிடம் திரும்பி வந்தது.

அந்தத் திரும்புதலுக்குச் சட்டமும் வழிவிட வேண்டியிருந்தது. 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு நீங்கியபோது, வீட்டில் ஒயின் தயாரிக்க இசைவு கிடைத்ததே தவிர பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம், வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், அதாவது சுமார் 380 லிட்டரும், இருவரோ அதற்கு மேற்பட்டவரோ உள்ள வீட்டில் 200 கேலனும் சொந்தப் பயனுக்கு வரியின்றித் தயாரித்துக்கொள்ள வழிசெய்தது. மாநிலங்களுள் கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் இதை ஏற்றன. 1980களின் நடுப்பகுதியில், கலிஃபோர்னியாவின் ஹேவர்ட் நகரில் பஃபலோ பில்ஸ் என்னும் சிற்றாலையை நடத்திய நிழற்படக் கலைஞர் பில் ஓவன்ஸ், பழைய குறிப்புகளால் ஈர்க்கப்பட்டுப் பரங்கி சேர்த்து பீர் தயாரித்தபோது, காயின் சுவை அதில் தெரியவே இல்லை. பரங்கிப் பைக்குரிய மசாலாவைச் சேர்த்த பின்னரே அது பரங்கி பீராக உணரப்பட்டது. இந்த அத்தியாயத்தின் கேள்விக்கான விடை, ஒருவகையில் அன்றே செய்முறையில் வெளிப்பட்டுவிட்டது. அது ஏன் அவ்வாறாயிற்று என்பதை விளக்குவதே அறிவியலின் வேலை.

மால்ட் தரும் சர்க்கரையும் காய் தரும் சர்க்கரையும்

வாற்கோதுமையை ஊறவைத்து முளைவிடச் செய்து, முளை வளர்ந்துவிடாமல் சூட்டில் உலர்த்தி எடுத்ததே மால்ட். முளைக்கும்போது விதை தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்து உண்பதற்காக நொதிகளைச் சேர்த்துவைக்கிறது. அவற்றுள் பீர் தயாரிப்புக்கு முதன்மையானவை ஆல்ஃபா அமைலேஸும் பீட்டா அமைலேஸும் ஆகும். உடைத்த மால்ட்டைச் சூடான நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கும் ‘மாஷ்’ என்னும் கட்டத்தில் இந்த நொதிகள் மீண்டும் செயல்படுகின்றன. பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் மாவுச்சத்துச் சங்கிலியின் நுனியிலிருந்து மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையைத் துண்டு துண்டாக வெட்டித் தருகிறது. ஆல்ஃபா அமைலேஸ் 70 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சங்கிலியை நடுநடுவே வெட்டுகிறது. இரண்டும் ஓரளவு இயங்கும்படி 66 அல்லது 67 டிகிரியில் வைத்தால், ஈஸ்ட் உண்ணக்கூடிய சர்க்கரையும் அது உண்ணாமல் விட்டுவைக்கும் டெக்ஸ்ட்ரின்களும் சேர்ந்து கிடைக்கின்றன. இவ்வாறு வடிந்து வரும் இனிப்பு நீருக்கு ‘வோர்ட்’ என்று பெயர்.

இப்போது பரங்கியின் பங்கைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பச்சைப் பரங்கியில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர். மாவுச்சத்தும் சர்க்கரையும் நாரும் சேர்ந்த கார்போஹைட்ரேட் ஆறு அல்லது ஏழு பங்கு. அதிலும் சர்க்கரை மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவு. 19 லிட்டர் பீருக்கு வீட்டுத் தயாரிப்பாளர் ஒருவர் இரண்டரைக் கிலோ பரங்கி விழுதும் நாலரைக் கிலோ மால்ட்டும் எடுத்துக்கொள்கிறார் எனக் கொண்டால், விழுதிலுள்ள மாவுச்சத்து முழுவதும் சர்க்கரையாக மாறிவிட்டதாகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் அதிலிருந்து வருவது 125 கிராம் அளவில்தான் இருக்கும். மால்ட்டிலிருந்து, வீட்டுக் கருவிகளில் நேரும் இழப்புகளைக் கழித்த பிறகும், 2,700 கிராம் கரைபொருள் கிடைக்கும். அதாவது பீரின் ஆல்கஹாலில் பரங்கியின் பங்கு இருபதில் ஒன்றுக்கும் குறைவு.

நிறத்திலும் நிலைமை இதுவே. பரங்கியின் செம்மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் முதலிய நிறமிகள் எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையுமே அன்றித் தண்ணீரில் கரைவதில்லை என்பதால், அவை சக்கையோடு சக்கையாகத் தங்கிவிடுகின்றன. கோப்பையில் தெரியும் செம்பொன் நிறம், ஈரத்தோடு வறுத்துச் சர்க்கரை கருகும் பதத்துக்குக் கொண்டுவரப்பட்ட கேரமல் மால்ட்டாலும், சற்றுக் கூடுதல் சூட்டில் உலர்த்திய மியூனிக் மால்ட்டாலும் வருவது.

மணமும் எளிதில் நழுவுவதே. பச்சைப் பரங்கியை அறுக்கும்போது எழும் புல் வாசனை ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட சிறு ஆல்டிஹைடுகளாலும் ஆல்கஹால்களாலும் ஆனது. அவை கொதிப்பில் ஆவியாகின்றன, எஞ்சும் ஆல்டிஹைடுகளை ஈஸ்ட் நொதித்தலின்போது மணம் குறைந்த ஆல்கஹால்களாக மாற்றிவிடுகிறது. எனவே காயிலிருந்து ஏதேனும் மணம் கோப்பை வரை வர வேண்டுமானால், அதை அடுப்பில் சுட்டு உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சுடுதல் கவனமாகச் செய்யப்பட வேண்டிய வேலை. காயை இரண்டாகப் பிளந்து, விதையையும் சோற்றையும் வழித்தெடுத்து, வெட்டுமுகம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து, 180 டிகிரி வெப்பமுள்ள அவனில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும். தோல் சுருங்கி, கத்தி தடையின்றி இறங்கும் பதத்தில், தட்டில் கசிந்த சாறு பாகாகி ஓரங்களில் பழுப்பு நிறத்தில் ஒட்டியிருக்கும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் இணைந்து பழுப்பு நிறத்தையும் சுட்ட மணத்தையும் தரும் மைலார்டு வினை, 1912இல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மைலார்டின் பெயரால் அறியப்படுவது, இந்த ஓரங்களில்தான் மிகுதியாக நடந்திருக்கும். எனவே அந்தப் பாகைச் சுடுநீர் விட்டுச் சுரண்டி மாஷில் சேர்ப்பதே முறை.

எந்தப் பரங்கி என்பதும் முக்கியம். முகம் செதுக்கி விளக்கேற்றுவதற்கென வளர்க்கப்படும் பெரிய காய்களில் சதை மெலிந்தும் நாரும் நீரும் மிகுந்தும் இருக்கும். பைக்கென வளர்க்கப்படும் சிறிய காய்களும், குக்கர்பிட்டா மொஸ்காட்டா இனத்தைச் சேர்ந்த பட்டர்நட் போன்றவையும் அடர்ந்த சதையும் இனிப்பும் உடையவை. இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் நகரில் லிபிஸ் நிறுவனம் டப்பாவில் அடைக்கும் விழுது, அதே மொஸ்காட்டா இனத்தின் டிக்கின்சன் வகையிலிருந்து வருகிறது. அறுவடைக்குப் பின் சில வாரங்கள் சேமித்து வைக்கும்போது, குறிப்பாகக் குக்கர்பிட்டா மாக்ஸிமா இனக் காய்களில் மாவுச்சத்து தானாகவே சர்க்கரையாக மாறி இனிப்புக் கூடுகிறது. டப்பா விழுது வாங்குவோர், அதில் சர்க்கரையும் மசாலாவும் முன்கூட்டியே கலந்த பைப் பூரணத்தையும், ஈஸ்டின் வளர்ச்சியைத் தடுக்கும் பதப்படுத்திகள் சேர்த்ததையும் தவிர்க்க வேண்டும்.

காயைச் சேர்க்க மூன்று இடங்கள்

பரங்கி விழுதை மாஷிலோ, வோர்ட் கொதிக்கும்போதோ, நொதிகலத்திலோ சேர்க்கலாம். இவற்றுள் மாஷில் சேர்ப்பதே வேதியியலுக்கு உகந்தது. காயைச் சுட்டபோது அதிலுள்ள மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சி உப்பி வெடித்திருப்பதால், மால்ட்டின் நொதிகள் அவற்றை எளிதில் அணுகிச் சர்க்கரையாக உடைத்துவிடுகின்றன. மாற்றம் முடிந்ததா என்பதை அறிய, ஒரு வெள்ளைத் தட்டில் மாஷ் நீரைச் சிறிது விட்டு அதன்மேல் ஒரு துளி அயோடின் இட்டால் போதும். கருநீலம் படர்ந்தால் மாவுச்சத்து இன்னும் எஞ்சியிருக்கிறது. அயோடினின் பழுப்பு நிறமே மாறாதிருந்தால் வேலை முடிந்தது.

மாஷில் சேர்ப்பதில் உள்ள இடையூறு வடிகட்டும்போது தெரியவரும். வாற்கோதுமையின் உமியே மாஷில் இயற்கையான வடிகட்டித் தளமாக அமைகிறது. உமியற்ற விழுது அந்த இடைவெளிகளில் புகுந்து அடைத்துக்கொண்டால், வோர்ட் இறங்காமல் ஆறிய கஞ்சியைப் போல அப்படியே நின்றுவிடும். இதைத் தவிர்க்கக் கழுவிய நெல் உமியை 250 முதல் 500 கிராம் வரை மாஷுடன் கலப்பது அமெரிக்க வீட்டுத் தயாரிப்பாளரிடையே வழக்கம். உமி சர்க்கரையும் தருவதில்லை, சுவையும் சேர்ப்பதில்லை, சிலிக்கா நிறைந்த அதன் விறைப்பு நீர் இறங்க வழியை மட்டும் திறந்துவைக்கிறது.

கொதிப்பின்போது விழுதைச் சேர்த்தால், கொதிக்கும் வெப்பத்தில் நொதிகள் ஏற்கெனவே செயலிழந்திருப்பதால், காயின் மாவுச்சத்து மாறாமல் பீரிலேயே தங்கிக் கலங்கலை உண்டாக்கும். கொப்பரையின் அடியில் படியும் வண்டல் நல்ல வோர்ட்டையும் சேர்த்தே விழுங்கிவிடும். நொதிகலத்தில் சேர்ப்பது சுவையைச் சிறிது கூடுதலாகக் காப்பாற்றலாம் என்றாலும், பரங்கி புளிப்புக் குறைந்த காய் என்பதால் பாக்டீரியாக்களுக்கு அது நல்ல விருந்து. கொதிப்பு என்னும் காவலைத் தாண்டி வரும் எதுவும் பீரைக் கெடுக்கக்கூடும். மூன்றில் எந்த இடத்தில் சேர்த்தாலும், காயின் செல்சுவரிலுள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளில் ஒரு பகுதி கரைந்து வந்து பீருக்கு மென்மையான திரட்சியைத் தரும், ஓரளவு மங்கலாகவும் ஆக்கும். வாயில் உணரப்படும் இந்தத் திரட்சியும், சுட்ட ஓரங்களின் மெல்லிய இனிய மணமுமே பரங்கி உண்மையில் தரும் கொடை.

மசாலா: மூக்கும் நரம்பும்

சுவை என்று மக்கள் வழங்குவதில் நாக்கின் பங்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. எஞ்சிய செழுமை பெரும்பாலும், விழுங்கும்போது வாயின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் ஆவிகளால் உணரப்படுகிறது. இலையுதிர்கால மசாலாவின் ஆவிகள் மிகச் சிறிய அளவிலேயே கண்டறியத்தக்கவை. பட்டையில் சின்னமால்டிஹைடு முதன்மையானது. கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால். கரீபியன் பகுதியின் ஆல்ஸ்பைஸ் காயிலும் யூஜினாலே மிகுதி. சாதிக்காயில் சபினீன், மிரிஸ்டிசின் உள்ளிட்ட பல சேர்மங்கள் கூட்டாக மணக்கின்றன. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். இஞ்சி உலர்ந்து சுக்காகும்போது ஜிஞ்சரால் ஒரு நீர் மூலக்கூறை இழந்து, அதனினும் காரமான ஷோகாலாக மாறுகிறது. வேகவைக்கும்போதோ காரம் தணிந்த ஜிஞ்சரோனாக மாறுகிறது. ஆகவே ஒரே கிழங்கு பச்சையாகவும் சுக்காகவும் கொதிப்பிலும் மூன்று வேறு குணங்களைக் காட்டுகிறது. எதை எப்போது சேர்ப்பது என்பதைப் பொறுத்து பீரின் தன்மையும் மாறுகிறது.

இந்த மசாலாக்கள் ‘சூடானவை’ என்று உணரப்படுவதற்கும் உடலியல் அடிப்படை உண்டு. டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் 1997இல் இனங்கண்ட டி.ஆர்.பி.வி.1 என்னும் நரம்புமுனைப் புரதம், 43 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தையும் மிளகாயின் காரத்தையும் ஒரே வகையில் மூளைக்கு அறிவிக்கிறது. இஞ்சியின் காரப்பொருளும் அதையே தூண்டுகிறது. பட்டையின் சின்னமால்டிஹைடு, கடுகின் நெடியை உணரும் டி.ஆர்.பி.ஏ.1 என்னும் இன்னொரு புரதத்தைத் தூண்டுகிறது. ஜூலியஸும் ஆர்டெம் படாபூட்டியனும் வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் புரதங்களைக் கண்டறிந்தமைக்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். குளிர்காலம் நெருங்கும் வேளையில் இவற்றை நாடும் பழக்கத்துக்கு நினைவு ஒரு காரணமெனில், நரம்பும் ஒரு காரணம்.

நினைவின் பங்கும் அளக்கத்தக்கதே. ஒரு மணத்தை இனிப்போடு சேர்த்துப் பலமுறை உண்டவர்க்கு, நாளடைவில் அந்த மணமே இனிப்பாகத் தோன்றத் தொடங்குகிறது என்பதை உணர்வறிவியல் சோதனைகள் காட்டியுள்ளன. குழந்தைப் பருவம் முதல் பரங்கிப் பை உண்டு வளர்ந்த அமெரிக்கர், சர்க்கரை பெரும்பாலும் நொதித்துத் தீர்ந்துவிட்ட பீரில் இந்த மசாலாவை முகரும்போது, இனிப்பையும் பரங்கியையும் அவர் மூளையே சேர்த்துத் தருகிறது.

மிகச் சிறிய அளவிலேயே இவ்வளவு செய்யும் பொருள்களை அளந்து சேர்ப்பதே கலை. 19 லிட்டருக்குப் பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, சுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி, சாதிக்காய்த்தூள் கால் தேக்கரண்டி, கிராம்பு அல்லது ஆல்ஸ்பைஸ் அதனினும் குறைவாக எனக் கொதிப்பின் கடைசி ஐந்து நிமிடங்களில் சேர்ப்பது தொடக்கத்துக்கு ஏற்ற அளவு. முன்னதாகச் சேர்த்தால் மணம் நீராவியோடு போய்விடும். நொதித்தலின்போது குமிழியிடும் கார்பன் டை ஆக்சைடும் மணத்தின் ஒரு பகுதியைச் சுமந்து செல்கிறது. சின்னமால்டிஹைடில் ஒரு பகுதியை ஈஸ்ட் மென்மையான வேறொரு ஆல்கஹாலாக மாற்றியும் விடுகிறது. அமெரிக்கக் கடைகளில் பட்டை என்று விற்பது பெரும்பாலும் காரம் மிகுந்த காசியா. இலங்கையின் கறுவா அதனினும் மென்மையான, பூமணம் கலந்த தன்மையது என்பதால், மசாலா பீரை ஆக்கிரமிக்காமல் பார்த்துக்கொள்ள விரும்புவோர் அதைத் தேர்ந்துகொள்கின்றனர்.

இவற்றுக்கெல்லாம் மேலான வழி, மசாலாவை வோட்காவில் ஒரு வாரம் ஊறவைத்து வடித்த சாரத்தை நொதித்தல் முடிந்தபின் சேர்ப்பதாகும். இந்த மணப்பொருள்கள் நீரைவிட ஆல்கஹாலில் நன்கு கரைவதால் சாரம் செறிவாக அமைகிறது. நான்கு கோப்பைகளில் 100 மில்லிலிட்டர் பீர் ஊற்றி, முறையே 0.1, 0.2, 0.3, 0.4 மில்லிலிட்டர் சாரத்தை மருந்தூசிக் குழலால் அளந்து விட்டுச் சுவைத்துப் பார்த்து, இரண்டாம் கோப்பை ஏற்றதாகத் தோன்றினால் முழுத் தொகுதிக்கும் 38 மில்லிலிட்டர் போதும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். சேர்த்ததை மீட்க முடியாத ஒரு பொருளை ஆளுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான முறை இல்லை.

ஹாப்ஸ், ஈஸ்ட், புட்டி

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண் பூங்கொத்து. அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் ஒரு மணி நேரக் கொதிப்பில் அமைப்பு மாறி பீருக்குக் கசப்பைத் தருகின்றன. பரங்கி பீரில் மசாலாவின் துவர்ப்பும் காரமும் ஏற்கெனவே இருப்பதால் கசப்பு மிதமாகவும், ஹாப்ஸின் பழமணம் மிகாமலும் இருப்பது நல்லது. ஈஸ்டைத் தேர்வதிலும் இதே அடக்கம் வேண்டும். கோதுமை பீருக்குரிய சில ஈஸ்ட் வகைகள் மால்ட் உமியிலிருந்து வரும் ஃபெரூலிக் அமிலத்தை, கிராம்பை ஒத்த மணமுள்ள வினைல்குவயக்காலாக மாற்றக்கூடியவை. அவற்றோடு உண்மைக் கிராம்பும் சேர்ந்தால் பீர் பல்மருத்துவமனை வாசனையை எட்டிவிடும். அதனால் தன் மணத்தை மிகுதியாகக் காட்டாத அமெரிக்க எய்ல் ஈஸ்டை 18 முதல் 20 டிகிரி வெப்பத்தில் நொதிக்கவிடுவது பெருவழக்கு. நீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால் தொடக்கத்தில் 1.056 இருந்த வோர்ட், சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற இலேசாகி இரண்டு வாரங்களில் 1.014 அளவுக்கு இறங்கும். இந்த வேறுபாட்டிலிருந்து ஆல்கஹால் அளவு சுமார் ஐந்தரை விழுக்காடு என்று கணக்கிடலாம்.

அடர்த்தி சில நாள்கள் தொடர்ந்து மாறாமல் நின்ற பிறகே புட்டியில் அடைக்க வேண்டும். நுரைக்காகச் சேர்க்கும் 110 முதல் 120 கிராம் சர்க்கரையை எஞ்சிய ஈஸ்ட் புட்டிக்குள்ளேயே நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகிறது. முன்பே நொதிக்காத சர்க்கரையும் மிச்சமிருந்தால் அழுத்தம் கட்டுமீறிக் கண்ணாடி வெடிக்கக்கூடும் என்பதால், இந்தப் பொறுமை சுவைக்காக மட்டுமன்றி உயிர்ப் பாதுகாப்புக்காகவும் வேண்டியது. சில வாரங்கள் முதிரும்போது மசாலாவின் முனைப்புத் தணிந்து மால்ட்டோடு இணங்கும். அதிக நாள் வைத்தால் மணம் மங்கிவிடும். ஆகஸ்டில் தயாரித்து நவம்பரில் திறப்பது இதற்கு ஏற்ற காலக்கணக்கு.

மூன்று கோப்பைகளின் தீர்ப்பு

பரங்கிக்கு பீரில் இடம் உண்டா என்ற கேள்வியைக் கருத்தளவில் விவாதித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அதைத் தீர்க்கும் கருவியை பீர் உலகமே உருவாக்கித் தந்துள்ளது. 1940களில் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் உருப்பெற்ற முக்கோணச் சோதனையில், சுவைப்பவர் முன் மூன்று கோப்பைகள் வைக்கப்படும். இரண்டில் ஒரே பீர், மூன்றாவதில் வேறு பீர். தனித்து நிற்பது எது என்று அவர் சொல்ல வேண்டும். வெறும் ஊகத்தில் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதால், பன்னிரண்டு பேர் சோதித்தால் எட்டுப் பேராவது சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உண்மையானது என்று புள்ளியியல் ஏற்கும். ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ், ஒரே ஈஸ்ட் கொண்டு, ஒன்றில் காயும் மசாலாவும், மற்றொன்றில் மசாலா மட்டும் சேர்த்து இரு தொகுதிகள் தயாரிக்கும் எவரும் இச்சோதனையைத் தம் வீட்டு மேசையிலேயே நடத்தலாம். மசாலா மறைத்துவிடும் நுட்பங்களையும் காண விரும்புவோர், காய் மட்டும் சேர்த்த மூன்றாம் தொகுதியையும், இரண்டுமே இல்லாத நான்காம் தொகுதியையும் உருவாக்கி ஒப்பிடலாம்.

இந்த ஒப்பீட்டில் காய் தோற்றாலும் அதைப் பானையிலிருந்து விலக்கிவிட வேண்டியதில்லை. திரட்சியும் சுட்ட மணமும் சிறியவையாயினும் உண்மையானவை, அவற்றை மீட்டெடுப்பதற்கான வழிகளும் மேலே சொல்லப்பட்டுள்ளன. மாற வேண்டியது எதிர்பார்ப்பே. காயிடம் மணத்தைக் கேட்டு விழுதைக் கிலோ கிலோவாகக் கூட்டுபவருக்கு அடைத்துக்கொண்ட மாஷும், மசாலாவிடம் உடற்கட்டைக் கேட்டு அளவை மீறுபவருக்குக் குடிக்க முடியாத கசாயமுமே கிடைக்கும். சர்க்கரையை மால்ட்டிடமும், திரட்சியைச் சுட்ட பரங்கியிடமும், மணத்தைக் கடைசி ஐந்து நிமிட மசாலாவிடமோ அளந்து விட்ட சாரத்திடமோ கேட்டுப் பெறுபவர், 1771ஆம் ஆண்டின் பெயரறியாத எழுத்தாளருக்குக் கிட்டாத வசதிகளோடு, அவர் செய்த அதே வேலையைச் செய்கிறார்: கையில் இருக்கும் விளைபொருள் எதைத் தர முடியும் என்று அறிந்து, அதை மட்டும் முழுமையாகப் பெற்றுக்கொள்கிறார்.